விரல்: கிருபாகரன்

மே 3, வெள்ளி

காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. சீல் சரியாக இல்லை. திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்தவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும்.

பதினொரு மணிக்கு மாதவன் போன் செய்தார். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் இந்த மாதம் முடிவதற்குள் பிரெயில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பார்வையற்ற பிள்ளைகள் கையில் அது இருக்க வேண்டும். போன வருடம் ஆகஸ்டில்தான் போய்ச் சேர்ந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகள் வகுப்பில் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் பக்கம் புரட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். இந்த முறை அப்படி ஆகாது என்று வாக்குக் கொடுத்தேன். அறக்கட்டளையை நடத்துகிறவர் மாதவன் என்றாலும் புத்தகங்கள் என் பொறுப்பு. என் கணவருக்குப் பிறகு அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

போனை வைக்கும் முன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அட்டவணைய மட்டும் புதுசுக்கு நகர்த்திடலாமே மேடம். பெர்னதெத் மேடம் ரெண்டு வருஷமா நிறைய திருத்தியிருக்காங்க."

பார்க்கிறேன் என்றேன்.

மே 4, சனி

நேற்று அவர் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. விஷயத்தை ஒழுங்காக எழுதி வைத்தால் உறுத்தல் போகும்.

எங்கள் புத்தகங்கள் எல்லாம் கிட் என்னும் முறையில் கணினியில் ஒரு களஞ்சியமாக இருக்கின்றன. யார் எந்த வரியை மாற்றினாலும் அது ஒரு பதிவாக நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண், ஒரு குறிப்பு. அந்தக் களஞ்சியத்துக்குள் 'அட்டவணை' என்று ஒரு பகுதி. எந்த எழுத்துக்கு, எந்தக் குறிக்கு, எந்தப் புள்ளிகள் என்று சொல்வது அதுதான். அது இல்லாமல் ஒரு பக்கம்கூடப் பிரெயிலாக மாறாது. ஆனால் அது என்னுடையதல்ல. அது தனியே இன்னொரு களஞ்சியம். என்னுடையதற்குள் இருக்கிறது, அவ்வளவுதான். என் வீட்டுக்குள் ஓர் அறை, அதன் சாவி மட்டும் மாதவன் சொன்ன அந்த அம்மாளிடம்.

என் களஞ்சியம் அந்த அறையில் உள்ளதைச் சேமித்து வைப்பதில்லை. 'உள்ளே இன்ன எண்ணுள்ள பதிவில் நில்' என்று ஒரு சுட்டியை மட்டும் வைத்திருக்கிறது. அந்த அம்மாள் அங்கே எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். சுட்டியை நான் நகர்த்தாதவரை என் புத்தகங்களில் ஒரு புள்ளி மாறாது.

இரண்டு வருடமாக நகர்த்தவில்லை. பதிவுக் குறிப்புகளில் அவள் வரிக் கடைசிதோறும் வேண்டாத இடைவெளி விடுகிறாள். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் அகதா இதற்கு ஸ்கேலால் முட்டியில் தட்டுவார். இரண்டு முறை மெயில் எழுதினேன். 'சரிக்கா' என்று பதில் வந்தது, இடைவெளி போகவில்லை. இப்படி வேலை செய்கிறவளை நம்பி எப்படி நகர்த்துவது? காரணம் அவ்வளவுதான்.

மே 7, செவ்வாய்

அட்டவணைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திருத்தமானாலும் முதலில் புள்ளித் தாளில் எடுத்து, ஒருவர் விரலால் படித்துச் சரி சொன்ன பிறகே பதிவாக வேண்டும். திருத்தியவரே படிக்கக் கூடாது. படித்தவர் பெயர் குறிப்பின் கடைசி வரியில் இருக்கும். என் சுட்டி நிற்கும் பதிவில் அந்த வரி: 'விரல்: கிருபாகரன்.'

என் கணவர் கடைசியாகப் படித்துச் சரி சொன்னது அது. அதற்கு மேல், அவர் போன அதே மாதத்திலேயே, அடுத்த பதிவு வேறு யாரோ ஒரு மாணவியின் விரலில் இருக்கிறது. ஒரு மாதம்கூட அந்த அம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை.

அவர் நெடுஞ்சாலைத் துறையில் என்ஜினீயராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் கண்ணழுத்த நோயில் இரண்டு கண்ணும் போயிற்று. நான் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவள். புதிதாகச் சேரும் பெண்களை என் பக்கத்தில் உட்கார வைத்து, இப்படிப் பேசு என்பார்கள். அந்தக் குரலில் தினமும் காலையில் அவருக்குப் பேப்பர் படிப்பேன், மாலையில் நாவல். மூன்று வருடம் ஒரு நாள் தவறியதில்லை. பிறகு எனக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் கோலைத் தட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, பிரெயில் படிக்கப் பார்வையற்றோர் பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். அந்த அம்மாள் அங்கே ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள்.

என் குரல் திரும்பி வந்தபோது அவர் மடியில் புள்ளிப் புத்தகம் இருந்தது. "படிக்கிறியா தமயந்தி?" என்று ஒருநாள் கேட்டார். உங்களுக்குத்தான் விரல் இருக்கிறதே என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

பிறகு அட்டவணை, அட்டவணை என்று ஆறு வருடம். இங்கே சாப்பாட்டு மேஜையில் பேச்செல்லாம் அந்தப் பள்ளியின் பேச்சுதான்.

மே 9, வியாழன்

புதிய இயற்பியல் புத்தகத்தில் எழுத்தின் தலைமேல் ஓர் அம்புக்குறி வருகிறது. நான் நிறுத்தி வைத்திருக்கும் அட்டவணையில் அதற்குப் புள்ளி இல்லை. அந்த அம்மாளின் புதிய அட்டவணையில் அம்பு என்று தேடிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. மாதவன் இதை அறிவாரா என்று தெரியவில்லை. நானாக எடுத்துச் சொல்ல மாட்டேன்.

அட்டவணையை நானே திருத்தினேன். அவருடைய கடைசிப் பதிவின் மேல் என் பதிவு. அம்புக்கு எழுத்தின் முன்னால் ஒரே ஒரு புள்ளி. சுருக்கம், அழகு. திரையில் புத்தகம் முழுவதும் ஓட்டிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் சரியாக வந்தது. குறிப்பு எழுதும் முறை தவறக் கூடாதென்று முந்தைய பதிவின் குறிப்பை மாதிரிக்கு எடுத்துக்கொண்டேன்.

வெளிக் களஞ்சியத்தை, அதாவது என் புத்தகங்களை, அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. சுட்டி இப்போது என் பதிவைக் காட்டுகிறது. அவருடையதற்கு அடுத்தபடி என்னுடையது. நடுவில் யாரும் இல்லை.

மே 12, ஞாயிறு

மொட்டை மாடியில் வடகம் பிழிந்தேன். காக்கைத் தொல்லை. மற்றபடி மனம் நிம்மதியாக இருக்கிறது.

மே 15, புதன்

நிம்மதி போயிற்று. அச்சகத்தில் புத்தகத்தைக் கணினியில் இறக்கியிருக்கிறார்கள். அட்டவணைப் பகுதி காலியாக வந்திருக்கிறது. நான் காட்டிய எண்ணில் அப்படி ஒரு பதிவே கிடையாது என்கிறதாம்.

மாதவன் பொறுமையாக விளக்கினார். நான் வெளியே இருப்பதை மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன். உள்ளே செய்த திருத்தம் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. அதை அந்தக் களஞ்சியத்தில் சேர்க்க எனக்கு உரிமை கிடையாது. "சுட்டி இருக்கு மேடம். அது காட்டுற இடத்துல ஒண்ணும் இல்ல," என்றார்.

சரி, அந்தச் சுவரையே இடித்துவிடலாம், அட்டவணை முழுவதையும் என் களஞ்சியத்தோடு கரைத்துக்கொள்ளலாம், அந்த அம்மாளின் தயவே வேண்டாம் என்றேன். முடியும் என்றார். ஆனால் மற்ற ஊர்களில் அவள் அட்டவணையை வைத்துத்தான் புத்தகம் போடுகிறார்கள். நாளைக்கு ஒரே பிள்ளை இயற்பியலில் ஒரு மாதிரியும் கணக்கில் வேறு மாதிரியும் படிக்க வேண்டி வரும். "உங்க இஷ்டம் மேடம்" என்றும் சேர்த்துக்கொண்டார். உன் தலையெழுத்து என்பதை அவர் அப்படிச் சொல்வார்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் சரிசெய்து கொடுக்காவிட்டால் அச்சகம் வேறு வேலையை எடுத்துக்கொள்ளும். பிறகு ஆகஸ்ட்தான்.

மே 16, வியாழன்

என் திருத்தத்தைத் தனிக் கோப்பாக எடுத்து அந்த அம்மாளுக்கு மெயில் அனுப்பினேன். 'இதைச் சேர்த்துக்கொள்ளவும்.' ஒரே வரி. அன்புள்ள என்று போடவில்லை.

மே 17, வெள்ளி

பதில் இல்லை. குக்கரின் ரப்பர் வளையம் போய்விட்டது. கடைவீதி வரை நடந்தேன். கடைக்காரர் வேறு அளவைத் தலையில் கட்டப் பார்த்தார்.

மே 18, சனி

அவளே போன் செய்தாள். திங்கட்கிழமை வீட்டுக்கு வருகிறாளாம். மெயிலில் எழுதலாமே என்றேன். "எழுதற விஷயம் இல்லக்கா" என்றாள். என்னை அக்கா என்று கூப்பிட நான் இவளுக்கு என்ன உறவு?

இந்த வீட்டுக்கு அவள் ஒரே ஒரு முறை வந்திருக்கிறாள், துக்கத்துக்கு. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் அவர் கையைத் தேடி எடுத்து, ஆள்காட்டி விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கண் முன்னால். பார்வை இல்லாதவள், வேறு எப்படி விடைகொடுப்பாள் என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள். நான் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த விரலைத் தொட வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவள் தொட்ட பிறகுதான் தோன்றியது.

மே 20, திங்கள்

நான்கு மணிக்கு ஆட்டோவில் தனியாக வந்தாள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருப்பவள், காலேஜ் பெண் மாதிரி தோளில் பை. நாற்காலியைக் காட்டக் கையைப் பிடிக்கப் போனேன். தானே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன். முதல் கேள்வி இது:

"தொண்டை இப்ப எப்படிக்கா இருக்கு?"

அது பழைய கதை, எட்டு வருடமாகிறது என்றேன்.

"அதுக்காகத்தான வந்து சேந்தாரு மனுசன். மொத நாளே சொன்னாரு, வீட்டுல அவ குரலுக்கு ஓய்வு குடுக்கணும், எனக்கு வெரசா கத்துக்குடும்மான்னு. எங்க வெரசா? அரைப் பக்கத்துக்கு அரை மணி நேரம். எங்க ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க சிரிக்கும்."

சர்க்கரை கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். அவள் சர்க்கரை கேட்டிருக்கவில்லை. டப்பா எங்கே இருக்கிறதென்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. எப்போதும் வைக்கும் இடத்தில்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது மேஜைமேல் ஒரு புள்ளித் தாளை எடுத்து வைத்திருந்தாள். என் திருத்தத்தைப் பள்ளியில் அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். குறிப்பையும் அவளுடைய கணினி அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறது.

"விரல் கிருபாகரன்னு படிச்சுதுக்கா. தேதி இந்த வருசம் மே மாசம்னும் படிச்சுது. நான் திரும்பப் படிக்க வச்சேன்."

மாதிரிக்கு எடுத்தது, கடைசி வரியை மாற்ற மறந்துவிட்டேன் என்றேன்.

"நீங்க மறக்கிற ஆளா? நான் வுட்ட இடைவெளிக்கெல்லாம் மெயில் போட்ட ஆளு."

எனக்கு முகம் எரிந்தது. அவளுக்கு அது தெரியாது என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது அவ்வளவு நிச்சயமில்லை.

"அவரு படிச்சிருந்தா இத வுட்டிருக்க மாட்டாரு," என்றாள். "கண்ண மூடுங்க." என் விரலை எடுத்துத் தாளில் ஒரு வரியின் தொடக்கத்தில் வைத்தாள். ஒரு புள்ளி குத்தியது. "எங்க இருக்கு? மேலயா கீழயா? இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?"

புள்ளி இருந்தது. எங்கே என்று சொல்ல முடியவில்லை. தடவித் தடவிப் பார்த்தேன், அது நகர்ந்துகொண்டே இருப்பது போல இருந்தது.

"ஒத்தப் புள்ளி. கண்ணுக்குச் சுத்தி இருக்கற எடமெல்லாம் தெரியும், அதனால இது எதுன்னு தெரிஞ்சிரும். விரலுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருந்தாத்தான் தெரியும். பரீட்சையில ஒரு புள்ள இத வேற குறியா படிச்சா கணக்கு முழுக்கப் போச்சு."

அப்படியானால் எந்தப் புள்ளிகளை வைப்பது, நீயே சொல் என்றேன். மாட்டேன் என்றாள். அவள் சொன்னால் அது அவள் திருத்தமாகிவிடும், பிறகு படிக்க வேறு விரல் தேட வேண்டும், பள்ளியோ விடுமுறையில் இருக்கிறது. "நீங்க குத்துங்க, நான் படிக்கிறேன்." பையிலிருந்து பிரெயில் பலகையையும் ஊசியையும் எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு புள்ளியாகக் குத்திக் கொடுத்தேன். தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது ஏற்கெனவே இருக்கே. போன வருசமே வேதியியல் குறி ஒண்ணுக்குக் குடுத்தாச்சு. நீங்க பாக்கலயா?"

பார்க்கவில்லை. அம்பை மட்டும்தான் தேடினேன். இரண்டு வருடமாக அந்த அறைக்குள் நான் எட்டிப் பார்க்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பலகையை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள். குத்திக்காட்டியிருக்கலாம், பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்ததாகக் குத்தியதும் மோதியது. அதற்கடுத்தது நின்றது. "இது நல்லாருக்கு. இதுல என் விரல் போடலாம்," என்றாள்.

புதிய அட்டவணையில் ஓடினால் புத்தகம் முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. "நாளைலேருந்து தாளோட வரேன். நீங்க அச்சுப் புக்க வாய்விட்டுப் படிங்க. நான் தடவிக்கிட்டே வரேன். எங்க ஒத்துப்போகலயோ அங்க நிறுத்தறேன்."

வாய்விட்டு, என்றேன்.

"தொண்டைதான் சரியாயிருச்சுங்கறீங்களே."

மே 21, செவ்வாய்

முதல் பக்கத்தில் குரல் பிசிறியது. இரண்டு வருடமாக நான் பேசுவது காய்க்காரரோடும் மாதவனோடும் மட்டும்தான். மூன்றாம் பக்கத்தில் பிடி கிடைத்தது. வேண்டுமென்றே வேகமாகப் படித்தேன். அவள் விரல் பின்தங்கவில்லை. இன்னும் வேகமாகப் படித்தேன். "மூச்சு வாங்குதேக்கா, வேகத்தக் கொறைங்க" என்று சிரித்தாள். குறைக்கவில்லை. அலகுகளும் பரிமாணங்களும் முடிந்து இயக்கவியலில் பாதி ஆயிற்று.

மே 23, வியாழன்

வெப்பவியல் வரை வந்தாயிற்று. அவள் நிறுத்தியவை ஒன்பது இடம். ஏழு இடத்தில் அட்டவணையின் தவறு, இரண்டு இடத்தில் என் தவறு. ஒன்பதையும் திருத்தினோம்.

நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, "அவரு சொன்னது சரிதான்," என்றாள் தனக்குத்தானே.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். அது எனக்குச் சொன்னது."

எவ்வளவு திமிர். இரண்டாவது காபி போடக் கூடாது என்று முடிவு செய்தேன். பிறகு போட்டேன், டிகாக்ஷன் மீந்திருந்ததால்.

மே 25, சனி

நேற்று இரவே படித்து முடித்தோம். அவளை நானே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அட்டவணையில் எழுத எனக்கும் உரிமை கொடுத்திருக்கிறாள். "இனிமே எனக்கு மெயில் போட்டுக்கிட்டு இருக்காதீங்க" என்பது அவள் சொன்ன காரணம்.

காலையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். மாதவனுக்குப் போன் செய்து, வேலை முறையைத் தெரிந்துகொள்வதற்காக, சுட்டியை நகர்த்தினால் பழைய பதிவு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"எதுவும் போகாது மேடம். அடியில அப்படியே இருக்கும். அதுமேலதான் எல்லாமே நிக்குது," என்றார். பிறகு, நான் கேட்காமலே, "நானும் அப்பப்போ போய்ப் பாப்பேன்," என்றார்.

பதிவு பதிவாக அடிவரை இறங்கிப் போய்ப் பார்த்தேன். இருந்தது.

பிறகு அம்புக்கான என் பதிவை, அந்த அம்மாளுடைய எல்லாப் பதிவுகளுக்கும் மேலே, முறைப்படி எழுதினேன். கடைசி வரி வந்தது. விரல் என்று அடித்து முக்காற்புள்ளி வைத்தேன். அதற்கப்புறம் எழுந்துபோய் மாடியில் புதிதாகப் பிழிந்திருந்த வடகத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்தேன். 'பெர்னதெத்' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன்.

அதன் கீழே இன்னொரு வரி சேர்க்கக் கூடாதென்று வழக்கத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. சேர்த்தேன்.

விரல்: பெர்னதெத்
குரல்: தமயந்தி

யாரையும் கேட்கவில்லை. உள்ளே இருப்பதை முதலில் அனுப்பினேன், பிறகு வெளியே இருப்பதை. வரிசை இந்த முறை தவறவில்லை. சுட்டியை நகர்த்தினேன்.

பன்னிரண்டு மணிக்கு அச்சகத்திலிருந்து போன். அட்டவணை வந்துவிட்டதாம்.

ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளி திறந்தது. இயற்பியல் புத்தகம் வகுப்பில் இருக்கிறது. முதல் மணியிலேயே இரண்டு பெண்கள் ஆசிரியரை முந்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்களாம். மாதவன் சொல்லும்போது அவருக்குக் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் அட்டைக் கட்டு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

ஜூன் 13, வியாழன்

பெர்னதெத் நேற்று வேதியியல் புத்தகத்தோடு வந்தாள். அவர் என்ன சொன்னார் என்று நானாகக் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. மிளகுப் பால் கொண்டுவந்து கொடுத்தாள், பள்ளி விடுதியில் போட்டதாம். சர்க்கரை அதிகம்.

இன்று காலையில் அட்டவணையில் அவளுடைய புதிய பதிவு ஒன்று வந்திருக்கிறது. விரலுக்கு அவள் மாணவி ஒருத்தியின் பெயர். கீழே என் வரியை எடுத்துக்கொண்டிருக்கிறாள். கேட்காமல்தான். 'குரல்: அக்கா' என்று போட்டிருக்கிறாள்.

முறைப்படி பெயரை எழுத வேண்டும். வரிக் கடைசியில் ஓர் இடைவெளி வேறு, எப்போதும் போல. இரண்டையும் திருத்த எனக்கு இப்போது உரிமை இருக்கிறது. கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்தேன். காபி ஆறும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

பிறகு ஒன்றையும் தொடாமல் சுட்டியை நகர்த்தினேன்.